ஜூனோவின் டைட்டானியப் பெட்டகம்
வியாழனை ஆராய நாசா 2011 ஆகஸ்ட் 5 அன்று ஏவிய ஜூனோ விண்கலத்தின் மின்னணுக் கருவிகளைக் காக்கும் கவசப் பெட்டி. வியாழனின் காந்தப்புலத்தில் சிக்கி, ஏறக்குறைய ஒளி வேகத்தில் பாயும் எலக்ட்ரான்கள் காப்பில்லாத சில்லுகளைப் பாழாக்கிவிடும். கதிர்வீச்சுத் தடுப்பு என்றால் ஈயம்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஏவும்போது எழும் அதிர்வைத் தாங்காத அளவுக்கு அது மென்மையானது. அதனால் டைட்டானியம் தேர்வானது. சுவர்களின் தடிமன் சுமார் 1 செ.மீ. கலத்தின் கணினி உட்பட 20-க்கும் மேற்பட்ட கருவித் தொகுதிகள் உள்ளே நெருக்கி அடுக்கப்பட்டுள்ளன. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 200 கிலோ. கதிர்வீச்சை இது முழுவதுமாகத் தடுப்பதில்லை, சுமார் 800 மடங்கு குறைக்கிறது. சேதத்தைத் தள்ளிப்போடுவதே நோக்கம். அந்த வகையில் நடைமுறைக்கு ஒத்த வடிவமைப்பு.

எல்லாவற்றுக்கும் உள்ளே இடமில்லை. ஜூனோகேம் படக்கருவியின் ஒளியியல் பகுதி பெட்டகத்துக்கு வெளியே இருக்கிறது. கதிர்வீச்சால் அதன் படங்கள் கெட்டுப்போகவே, அதைச் சரிசெய்ய 2023 டிசம்பரில் பொறியாளர்கள் கருவியின் சூடேற்றியை முழு அளவில் இயக்கினர். வியாழனின் அயோ நிலவைக் கலம் நெருங்குவதற்குள் படங்கள் தெளிவடைந்தன.