சுரதாளக் குறிப்பு: வரலாறும் எழுதும் முறையும்

சுரதாளக் குறிப்பு என்பது ஒரு பாடலின் சுரங்களையும் தாள அளவையும் எழுத்தாலும் குறிகளாலும் பதிந்துவைக்கும் முறையாகும். பாடலைக் கேட்டிராத ஒருவரும் தாளைப் பார்த்துப் பாட வேண்டும் என்பதே இதன் நோக்கம். தமிழகத்தில் இசை பெரும்பாலும் குருவின் வாய்வழியாகவே கற்பிக்கப்பட்டது. ஆயினும் இசையை எழுத்தில் வைக்கும் முயற்சிகள் பழங்காலத்திலேயே இருந்தன. அவற்றுள் சில நிலைத்தன. சில பொருள் விளங்காமல் போயின. அதற்கான காரணங்களை அறிந்தால் குறிப்பெழுதும் விதிகள் எளிதில் விளங்கும்.

காரைக்காலும் பண்ணும்

கி.பி. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டைப் பாடினார். ஒன்று நட்டபாடைப் பண்ணிலும் மற்றொன்று இந்தளப் பண்ணிலும் அமைந்தவை. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன தமிழர் வழங்கிய ஏழு சுரப் பெயர்கள். இவற்றில் பெரும்பாலானவற்றையும் பல இசைக்கருவிகளின் பெயர்களையும் அம்மையார் தம் பதிகத்தில் அடுக்கிக் கூறுகிறார். ஆனால் அவர் பாடிய மெட்டு எழுதப்படவில்லை. பாட்டின் சொல்லும் பண்ணின் பெயரும் மட்டுமே நம்மிடம் உள்ளன.

காரைக்கால் நகரை அடுத்த திருத்தருமபுரம் இசை வரலாற்றில் மற்றொரு சிறப்புடைய ஊர். (மயிலாடுதுறையில் உள்ள தருமபுரம் ஆதீனம் வேறு.) இவ்வூர் திருநீலகண்ட யாழ்ப்பாணரின் தாயார் பிறந்த ஊர். திருஞானசம்பந்தரின் பதிகப் புகழுக்குப் பாணரின் யாழே காரணம் என்று உறவினர் கூறினர். அதைக் கேட்டு வருந்திய பாணர், யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடுமாறு சம்பந்தரை வேண்டினார். சம்பந்தர் பாடிய அப்பதிகத்தை யாழில் வாசிக்க இயலாமல் பாணர் யாழையே முறிக்க ஓங்கினார் என்றும், சம்பந்தர் தடுத்து, கருவியில் இயன்ற அளவுக்கு வாசிக்கும்படி கூறினார் என்றும் பெரியபுராணம் சொல்கிறது. அதனால் அப்பதிகம் யாழ்முரி எனப் பெயர் பெற்றது. பாடும் இசை முழுவதும் கருவியில் அடங்குவதில்லை என்பது இதன் கருத்து. எழுத்தும் அத்தகைய ஒரு கருவியே.

கல்லில் எழுதிய இசை

புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலையில் குடைவரைக் கோயிலை அடுத்த பாறையில் இசைக் கல்வெட்டு ஒன்று உள்ளது. பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டப்பட்ட இது ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டினது. ஏழு பகுதிகளில் ஏழு கிராம ராகங்களுக்குரிய சுரங்கள் நான்கு நான்காகத் தொகுத்து எழுதப்பட்டுள்ளன. ஒரே சுரத்திற்கு ர, ரி, ரு, ரெ என உயிரொலி மாறி வருவதும் இதில் காணப்படுகிறது. சில எழுத்துகளின் மேல் புள்ளிகளும் உள்ளன. அப்புள்ளிகளுக்கு என்ன பொருள் என்பதில் அறிஞர்களிடையே இன்றும் ஒத்த கருத்து இல்லை.

வெட்டியவர் அழகாகவும் ஒழுங்காகவும் வெட்டியுள்ளார். ஆனால் குறிகளுக்கு விளக்கம் எழுதவில்லை. அக்காலத்து மாணவருக்கு அது தேவைப்பட்டிராது. வழக்கு மறைந்தபின் படிப்பவருக்கோ அது புதிராகிவிட்டது. குறி இட்டால் அதன் விளக்கமும் உடன் இருக்க வேண்டும் என்பது இக்கல்வெட்டு தரும் முதற்பாடம்.

அச்சுக் காலம்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தச்சூர் சிங்காராசாரியுலு சகோதரர்கள் போன்றோர் பாடல்களைச் சுரத்துடன் அச்சிட்டனர். 1890களில் சென்னையில் அ. மு. சின்னசாமி முதலியார் கருநாடக இசைப் பாடல்களை ஐரோப்பியக் கோட்டுக் குறிப்பில் எழுதி வெளியிட்டார். ஐரோப்பியக் குறிப்பு, 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியத் துறவி அரெட்சோ நகர குய்தோ வகுத்த கோட்டு முறையிலிருந்து வளர்ந்தது. அதில் ஒவ்வொரு கோடும் இடைவெளியும் ஒரு சுர நிலையைக் குறிக்கும். நம் இசையில் பாடகர் தம் குரலுக்கு ஏற்ப ஆதார சுருதியைத் தேர்ந்துகொள்கிறார். இரு சுரங்களுக்கிடையே அசைந்து ஒலிக்கும் கமகத்தைக் கோட்டின்மேல் ஒரு புள்ளியாக வைப்பதும் கடினம். எனவே அம்முறை இங்குப் பரவவில்லை.

எளிய குறிப்பு வேண்டும் என்ற எண்ணம் ஐரோப்பாவிலும் இருந்தது. காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமான 1739ஆம் ஆண்டுக்கு மூன்றாண்டுகள் கழித்து, 1742இல் ரூசோ எண்களால் இசை எழுதும் முறையைப் பாரிசு அறிவியல் கழகத்தில் முன்வைத்தார். கழகம் அதைப் பெரிதாக ஏற்கவில்லை.

சின்னசாமி முதலியாருக்குப் பாடல்கள் தந்து உதவியவர்களுள் எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் (1839–1906) ஒருவர். இவர் முத்துசாமி தீட்சிதரின் குடும்பத்தவர். முதலியாரின் தூண்டுதலாலும் எட்டயபுரம் அரசரின் ஆதரவாலும் இவர் எழுதிய சங்கீத சம்பிரதாய பிரதர்சினி 1904இல் தெலுங்கில் அச்சாகியது. 72 மேளங்களின் வரிசையில் ராகங்களும் பாடல்களும் இதில் உள்ளன. கம்பிதம், நொக்கு, ரவை, கண்டிப்பு, வலி, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு, ஒதுக்கல், ஒரிகை போன்ற கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகள் வகுத்து, அவற்றின் விளக்கத்தையும் நூலிலேயே தந்தார். குடுமியான்மலையில் இல்லாதது இங்கு இருந்தது. முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் இருநூற்றுக்கு மேற்பட்டவை இன்று சுரத்துடன் கிடைப்பதற்கு இந்நூல் முதன்மைக் காரணம். சென்னை மியூசிக் அகாதெமி பின்னர் இதனைத் தமிழ் எழுத்தில் வெளியிட்டது. தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரமும், 1943இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கமும் தமிழில் இசையாய்வும் சுரதாளக் குறிப்பும் வளர வழிசெய்தன.

தெளிவாக எழுதும் விதிகள்

1. தலைப்பில் ராகம், தாளம், ஆரோகணம், அவரோகணம், இயற்றியவர் பெயர் ஆகியவற்றை எழுத வேண்டும். ச, ப இரண்டும் மாறாதவை. மற்றவற்றுக்கு ரி1, ரி2 என எண் தலைப்பில் இட்டால் போதும். பாடல் முழுவதும் இட வேண்டியதில்லை. அன்னிய சுரம் வரும் இடத்தில் மட்டும் தனிக்குறி இடுக.

2. குறில் ஓர் அட்சரம், நெடில் இரண்டு அட்சரம். ச என்பது ஒன்று. சா என்பது இரண்டு. காற்புள்ளி ஓர் அட்சரத்தையும் அரைப்புள்ளி இரண்டையும் நீட்டும். எனவே "சா," மூன்று; "சா;" நான்கு. குறில், நெடில் மாத்திரை அறிந்த தமிழ் மாணவருக்கு இவ்விதி புதிதன்று.

3. மேல் தாயிச் சுரத்திற்கு எழுத்தின் மேலும், கீழ்த் தாயிச் சுரத்திற்கு எழுத்தின் கீழும் புள்ளி இடுவர். தமிழில் மேற்புள்ளி மெய்யெழுத்தின் அடையாளமும் ஆவதால், புள்ளி எதைக் குறிக்கிறது என்று தொடக்கத்தில் சொல்லிவிடுவது நல்லது.

4. சுரங்களின் மேல் ஒரு கோடு இட்டால் இரட்டை வேகம். இரு கோடுகள் நான்கு மடங்கு வேகம்.

5. தாள உறுப்பு முடியுமிடத்தில் | என்றும், ஆவர்த்தனம் முடியுமிடத்தில் || என்றும் இடுக. ஆதி தாளத்தில் 4, 2, 2 என எட்டு எண்ணிக்கை. முதல் சரளி வரிசையின் ஏறுமுகம் இவ்வாறு அமையும்:

ச ரி க ம | ப த | நி ச் ||

6. சாகித்தியத்தின் ஒவ்வோர் அசையும் தனக்குரிய சுரத்தின் நேர் கீழே வர வேண்டும். மாணவர் பெரும்பாலும் தவறுவது இவ்விடத்திலேயே.

7. எழுதி முடித்தபின் அட்சரங்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும். எண்ணிக்கைக்கு நான்கு அட்சரம் என்றால் ஆதி தாள ஆவர்த்தனம் ஒன்றுக்கு 32 வரும். குறைந்தாலோ கூடினாலோ எங்கோ ஒரு நெடில் தவறியிருக்கும்.

குறிப்பின் எல்லை

கமகத்தின் நுட்பமும் பாடுபவரின் பாவமும் எந்தக் குறியிலும் முழுமையாக அடங்குவதில்லை. ஆதலால் குறிப்பு குருவுக்கு மாற்றாகாது. ஆனால் குரு இல்லாத தலைமுறைக்குக் குறிப்பு ஒன்றே எஞ்சும். மூத்த திருப்பதிகத்திற்குப் பண்ணின் பெயர் மட்டும் மிஞ்சியதையும், தீட்சிதரின் கீர்த்தனைகள் சுரத்துடன் மிஞ்சியதையும் ஒப்பிட்டால் இவ்வேறுபாடு புரியும். ஓதுவார்களிடமும் முதியவர்களிடமும் இன்றும் எழுதப்படாத மெட்டுகள் பல உள்ளன. அவற்றை இயன்ற அளவுக்கேனும் மேற்கண்ட விதிகளின்படி எழுதிவைப்பது இசை பயிலும் மாணவர் எவரும் செய்யக்கூடிய பணியாகும்.