கடற்பூங்கா கண்ட கதை



மேற்கே குமுளி மலை, கிழக்கே மேகமலை, நடுவே நெல்லும் வாழையும் திராட்சையும் விளையும் கம்பம் பள்ளத்தாக்கு. இங்கே பிறந்து, இங்கேயே நாற்பதாண்டுக் காலம் ஆசிரியப் பணி புரிந்து ஓய்வு பெற்ற ஒருவன் கடலைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மலையடிவாரத்து மனிதனுக்குக் கடலோடு என்ன உறவு என்று நீங்கள் கேட்பீர்கள். உறவு உண்டு. நாம் உண்ணும் உப்பு கடல் தந்தது. நம் முன்னோர் வீட்டுச் சுவருக்கு வெண்மை தந்த சுண்ணாம்பில், கடற்கரைக் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பும் உண்டு. வருசநாட்டு மலையிலே பிறந்து வரும் வைகை, மதுரையையும் பரமக்குடியையும் கடந்து இராமநாதபுரத்துக் கரையை நோக்கியே செல்கின்றது. ஆகவே, ஆற்றின் வழியே நடந்தால் நாம் கடலைத்தான் சேர்வோம்.

அவ்வழியே நான் இருமுறை சென்றேன். முதற்பயணம் 1984ஆம் ஆண்டில். அப்பொழுது நான் இளம் ஆசிரியன். மாணவர் நாற்பதின்மரை அழைத்துக்கொண்டு இராமேசுவரம் சென்றேன். அந்நாளில் பாம்பன் கால்வாயைக் கடக்கச் சாலை கிடையாது. 1914இல் திறக்கப்பட்ட இரயில் பாலம் ஒன்றே வழி. பேருந்தை மண்டபத்தில் நிறுத்திவிட்டு, இரயிலேறிக் கடலைக் கடந்தோம். திரும்பும்பொழுது கடை வீதியில் வெண்பவளக் கொத்து ஒன்றை ஐந்து ரூபாய்க்கு வாங்கினேன். அதைப் பள்ளியின் கண்ணாடிப் பேழையில் வைத்து, ‘பவளக் கல்’ என்று என் கையாலேயே எழுதி ஒட்டினேன். மாணவர்க்கு நல்லதொரு பொருளைக் காட்டினோம் என்ற பெருமை எனக்கு. அப்பெருமை பிழையானது என்பதை உணரப் பல ஆண்டுகள் ஆயின.

அக்கடலின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம். மன்னார் வளைகுடா என்பது, தமிழ்நாட்டின் தென்கிழக்குக் கரைக்கும் இலங்கைக்கும் இடையே உள்ள கடற்பகுதி. ஈராயிரம் ஆண்டுகளாக உலகம் இதனை அறிந்தது முத்தினால். கி.பி. முதல் நூற்றாண்டில் எழுந்த ‘எரித்திரியக் கடற் செலவு’ என்னும் கிரேக்க நூல், பாண்டியரின் கொற்கையில் முத்துக் குளித்தல் நடந்ததையும், தண்டனை பெற்ற கைதிகள் அதில் ஈடுபடுத்தப்பட்டதையும் குறிக்கின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோவும் இம்முத்துக் குளிப்பை விரித்துரைத்தார். பின்னர் போர்ச்சுகீசியர் வந்தனர். 1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். அவர்க்குப் பின் ஆங்கிலேயர் ஆண்டனர். கொடிகள் மாறின, ஆனால் குறிக்கோள் மாறவில்லை. எல்லோரும் இக்கடலிலிருந்து எடுத்துச் செல்லவே வந்தனர். இங்கு எடுத்த சங்கு வங்காளம் சென்று மணமகளிரின் வளையலாயிற்று. முத்துச் சிப்பியோ அருகிக்கொண்டே வந்தது. தூத்துக்குடியில் 1961இல் நடந்ததே இறுதி முத்துக் குளிப்பு.

எடுப்பதற்கு வந்தோரிடையே அறிவதற்கு வந்தோரும் சிலர் இருந்தனர். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இக்கடலின் உயிர்களை ஆராய்ந்து 1890இல் நூல் வெளியிட்டார். பாம்பனுக்கு அண்மையில் குருசடை என்னும் சிறு தீவு உள்ளது. அதன் கரையோர உயிர்களைப் பற்றி 1927இல் அவ்வருங்காட்சியகம் தனியொரு வெளியீடே கொணர்ந்தது. முதுகெலும்பு உடையவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் உள்ள உறவை விளக்க உதவும் பலனோகுளோசசு என்னும் புழு வகை அங்கே மணலுள் வாழ்கின்றது. ஆதலின் விலங்கியல் மாணவர்க்கு அச்சிறு தீவு ஒரு திருத்தலம் போல் ஆயிற்று. 1947இல் தொடங்கப்பெற்ற மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும் இரண்டாண்டுகளில் மண்டபத்துக்கு வந்து, 1971இல் கொச்சிக்கு மாறும்வரை அங்கேயே தலைமையிடம் கொண்டிருந்தது.

ஆயினும், அறிஞர் எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில் பவளப் பாறைகளை வெட்டி எடுத்து, சுண்ணாம்புக்கும் கட்டடங்களுக்கும் பயன்படுத்துவதும் நடந்து வந்தது. பவளப் பாறை என்பது என்ன? கல் அன்று. கடுகளவேயான எண்ணற்ற உயிர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய வீடு அது. உருண்டு திரண்டு வளரும் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளரும். ஓர் ஆள் உயரம் வளர நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகும். அதைக் கடப்பாரையால் பெயர்க்க ஒரு நாழிகை போதும். அலையின் வேகத்தைத் தடுக்கும் வேலி அதுவே. வேலி போனால் தீவு கரையும். விலாங்குசல்லித் தீவும், பூவரசன்பட்டித் தீவும் இவ்வாறே கடலுள் மூழ்கின. நாம் தீவின் அடித்தளத்தையே வண்டி வண்டியாக ஏற்றி அனுப்பினோம் எனலாம்.

காலம் கடந்தேனும் விழிப்பு வந்தது. 1986இல் தமிழக அரசு, தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டர்ப் பரப்பைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. அதனைச் சூழ்ந்த 10,500 சதுர கிலோமீட்டர் 1989இல் உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. 2001இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன; அன்று முதல் புலிக்குள்ள காப்பு பவளத்துக்கும் உண்டு.

அச்செய்தியை நாளிதழில் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. பள்ளிப் பேழையில் இருந்த கொத்து கண்முன் நின்றது. மறுவாரமே அதனை வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைத்தேன். பேழையில் அவ்விடத்தை நிரப்பவில்லை. ‘இங்கு இருந்தது கல் அன்று, உயிர்களின் வீடு. எடுத்து வந்தது என் தவறு’ என்று எழுதி வைத்தேன். பவளம் இருந்தபொழுது பார்த்து நகர்ந்த மாணவர், அது இல்லாதபொழுது நின்று கேள்வி கேட்டனர்.

இரண்டாம் பயணம் அண்மையில் நிகழ்ந்தது. பேத்தியை அழைத்துக்கொண்டு காரில் புறப்பட்டேன். கம்பத்திலிருந்து தேனி, ஆண்டிபட்டிக் கணவாய், மதுரை, மானாமதுரை, இராமநாதபுரம் என ஏறத்தாழ 280 கிலோமீட்டர். வழியில் வைகையைக் காணுந்தோறும் அவள், “தாத்தா, நம்ம ஊர் ஆற்றில் தண்ணீரே இல்லையே!” என்றாள். வழியெங்கும் கண்மாய்களும் வயல்களும் ஆற்று நீரைப் பருகிவிடுகின்றன; வைகை பெரும்பாலும் மணலாகவே கடலை நெருங்குகின்றது என்று விளக்கினேன். 1988இல் திறந்த சாலைப் பாலத்தின் மீது கார் ஏறியதும், இடப்புறம் பாக் நீரிணையும் வலப்புறம் மன்னார் வளைகுடாவும் விரிந்தன. பாம்பனை அடுத்த குந்துகாலை அடைந்தோம். 1897 சனவரியில் மேனாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் கால் வைத்த கரை அது.

வனத்துறையின் இசைவு பெற்று, அங்கிருந்து படகில் குருசடை நோக்கிச் சென்றோம். இசைவின்றி அத்தீவுகளில் இறங்குதல் குற்றம் என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். நீர் பளிங்கு போல் இருந்தது. அடியில் மான்கொம்பு போன்றும் மூளை போன்றும் பவளங்கள். அவற்றினிடையே வரியிட்ட மீன்கள். ஆங்காங்கே வெளிறிக் கிடந்த பகுதிகளையும் கண்டோம். 2016இல் கடல்நீர் மிகச் சூடேறியபொழுது இவ்வளைகுடாவின் பவளங்கள் பெருமளவில் வெளுத்து மடிந்தன. கடப்பாரையைச் சட்டம் தடுத்தது. சூட்டை எச்சட்டம் தடுக்கும்? அது நம் ஒவ்வொருவர் வாழ்க்கை முறையோடும் பிணைந்த வினா.

கரையில் அழகியதொரு சிப்பியை எடுத்த பேத்தி, என் முகத்தைப் பார்த்தாள். பின்பு ஒன்றும் பேசாமல் அதனை நீர்விளிம்பிலேயே வைத்துவிட்டாள். நான் அவளுக்கு எதுவும் சொல்லியிருக்கவில்லை.

நேயர்களே, ஈராயிரம் ஆண்டுகளாக இக்கடலுக்குச் சென்ற எவரும் ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொண்டே திரும்பினர். நானும் அவர்களுள் ஒருவன். கடற்பூங்காவின் வரலாறு நமக்குப் புகட்டுவது ஒன்றே: பார்ப்பதற்குச் சென்றவன் வெறுங்கையோடு திரும்பப் பழக வேண்டும். நீங்களும் ஒருமுறை சென்று காணுங்கள். மலையிலிருந்து வரும் ஆறு ஒன்றும் கொண்டுவர இயலாத இக்காலத்தில், மலையிலிருந்து செல்லும் நாமேனும் ஒன்றும் எடுத்து வராதிருப்போம்.