கரை சேராத தங்கம்

பிரெஞ்சுப் பள்ளியில் நான் படித்த நாளில், கடற்கொள்ளைக்காரர் கதைகளில் 'துப்லோன்' என்ற சொல் அடிக்கடி வரும். அது ஸ்பானியர்களின் தங்கக் காசு என்று வாத்தியார் சொன்னதோடு சரி. ஓய்வு பெற்ற பிறகுதான் அதன் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். காசை வாங்க என் ஓய்வூதியத்தில் கட்டுப்படியாகாது. படங்களை வெட்டி நோட்டில் ஒட்டிச் சேர்த்து வருகிறேன்.

மெக்சிகோ நகர நாணயச்சாலை 1535-இல் ஏற்பட்டது. ஆனாலும் 1679-இல்தான் அங்கே தங்கக் காசு அடிக்கத் தொடங்கினார்கள். பெரிய காசு 8 எஸ்குடோ. எடை சுமார் 27 கிராம், நம் கணக்கில் மூன்று சவரனுக்கு மேல். தங்கத்தைத் துண்டு போட்டு, எடை கூடினால் ஓரத்தைக் கத்தரித்து, இரண்டு அச்சுக்கு நடுவே வைத்துச் சம்மட்டியால் அடிப்பார்கள். அதனால் ஒவ்வொரு காசும் ஒரு கோணல். பல காசுகளில் ஆண்டே விழுந்திருக்காது. ஆண்டு தெளிவாக விழுந்ததற்குச் சேகரிப்பவர்கள் கூடுதல் விலை கொடுப்பது அதனால்தான்.

இத்தனை அடித்தும் இவை ஏன் அரிதாயின? ஸ்பெயின் போய்ச் சேர்ந்த தங்கம் போருக்கும் கடனுக்கும் போயிற்று. பிற நாடுகளில் உருகி வேறு ராஜாக்களின் காசாயிற்று. வெள்ளிக்கும் இதே கதிதான். பிரெஞ்சுக் கும்பெனி 1736-இல் நவாபிடம் உரிமை பெற்று நம் புதுச்சேரியில் அடித்த ரூபாய்க்கு, கப்பலில் வந்த ஸ்பானிய வெள்ளியும் உருகியது.

முழுசாகத் தப்பியவற்றில் பல, கரை சேராதவை. 1715 ஜூலை 24-இல் ஹவானாவிலிருந்து ஸ்பெயினுக்குப் புறப்பட்ட கப்பல்கள், ஒரு வாரத்தில் ஃபுளோரிடா கரையோரம் புயலில் சிக்கின. 12-இல் 11 போயின. ஆயிரம் பேரளவில் மாண்டனர். தப்பியது 'கிரிஃபோன்' என்ற பிரெஞ்சுக் கப்பல் மட்டும். 1950-களில் கிப் வாக்னர் என்ற கட்டட வேலைக்காரர் அந்தக் கடற்கரையில் காசு பொறுக்கப் போய், மூழ்கிய கப்பல்களையே கண்டுபிடித்தார். சரியாக 300 ஆண்டு கழித்து, 2015-இலும் அங்கே 350 தங்கக் காசுகள் கிடைத்தன.

இதைப் படித்தபோது என் அம்மாவின் காசுமாலை ஞாபகம் வந்தது. அதில் சில நெப்போலியன் காசுகளும் இருந்தன. அக்கா கல்யாணத்துக்காக அதை ஆசாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான். அரை மணி நேரத்தில் எல்லாம் ஒரே குழம்பாயிற்று. அக்காவுக்கு நல்ல சங்கிலி கிடைத்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தக் காசுகளில் என்ன ஆண்டு இருந்தது என்று ஒரு முறைகூட நான் திருப்பிப் பார்க்கவில்லை.

உங்கள் வீட்டில் பழைய காசு இருந்தால், உருக்கக் கொடுக்குமுன் ஆண்டையும் எடையையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள்.