55 டிகிரி வில்லங்கம்

போன குளிர்காலத்துல சைக்கிள்ல வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கிப்போச்சு. (நெதர்லாந்துல படிக்கிறவன் விழலைன்னாதான் அதிசயம் :-)) எம்.ஆர்.ஐ. எடுத்தாங்க. வெளிப்பக்கக் கணுக்கால் எலும்பைச் சுத்தி தசைநாண் வளையுற இடத்துல வெள்ளையா ஒரு கீற்று. "கிழிசலா இருக்கலாம், ஆபரேஷன் தேவைப்படலாம்"னுட்டாங்க. அம்மாகிட்ட சொல்லவே இல்லை. அந்தக் கவலையில தேடிப் படிச்சதுதான் இந்தப் பதிவு.

தசைநாண் பெரும்பாலும் கொலாஜன். அதோட முப்புரி வடிவத்தை 1954-55ல சென்னைப் பல்கலைக்கழகத்துல கண்டுபிடிச்சவங்க ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். கங்காரு வால் தசைநாணை எல்லாம் எக்ஸ்ரேயில வெச்சுப் பார்த்திருக்காங்க!

தசைநாண்ல தண்ணியும் இருக்கு. ஆனா அது கொலாஜன் நார்களை ஒட்டி, ஒரே திசையில ஒழுங்கா நிக்குது. தண்ணி மூலக்கூறுல இருக்கற ரெண்டு ஹைட்ரஜன் கருவும் குட்டிக் காந்தம் மாதிரி ஒண்ணையொண்ணு தொந்தரவு பண்ணும். அதனால சிக்னல், மெஷின் பிடிக்கறதுக்குள்ளயே செத்துடும். நல்ல தசைநாண் படத்துல கறுப்பா தெரியறது இதனாலதான். இந்தத் தொந்தரவோட அளவு 'மூணு காஸ் ஸ்கொயர் தீட்டா மைனஸ் ஒண்ணு'. தீட்டாங்கறது நாருக்கும் காந்தப்புலத்துக்கும் நடுவுல உள்ள கோணம். 54.7 டிகிரியில இது பூஜ்யம்! அங்கே சிக்னல் சாகாது. கறுப்பா இருக்கவேண்டியது வெளுத்துத் தெரியும். பெயரே மாயக் கோணம். (பிளஸ் டூவுல இதைச் சொல்லியிருந்தா டிரிகோணமெட்ரியை மதிச்சிருப்பேன்.)

கோணத்தைப் பொறுத்து கொலாஜன் தண்ணியோட சிக்னல் மாறுதுன்னு 1962லேயே எழுதினவர் டச்சுக்காரர் பெரென்ட்சன். அப்போ எம்.ஆர்.ஐ.யே கிடையாது. 1985ல ஃபுல்லர்டன் குழு தசைநாணைத் திருப்பித் திருப்பி வெச்சு அளந்தது. 1991லதான் எரிக்சன் குழு, வலியே இல்லாதவங்க தசைநாண்லயும் இந்த வெள்ளை வருதுன்னு காட்டுச்சு. இயற்பியல்காரங்க எழுதிவெச்சது டாக்டர்கள் மேஜைக்கு வர கிட்டத்தட்ட 30 வருஷம். நடுவுல எத்தனை பேர் என்னை மாதிரி பயந்தாங்களோ!

தோள்பட்டையிலயும் இதே வில்லங்கம் உண்டு. சிக்னலுக்காகக் கொஞ்சம் கூடுதல் நேரம் காத்திருந்து படம் எடுத்தா மாயக்கோண வெள்ளை மங்கிடும், நிஜக் கிழிசல்ல தேங்கின நீர் மங்காது. இல்லைன்னா கோணத்தையே மாத்தணும்.

ரெண்டாவது தடவை என்னைக் குப்புறப் படுக்கவெச்சு, பாதத்தை நீட்டச் சொல்லி எடுத்தாங்க. கீற்றைக் காணோம். வெறும் சுளுக்குதானாம். அன்னைக்கு ராத்திரிதான் அம்மாவுக்குப் போன் போட்டேன். திட்டு, முக்கால் மணி நேரம்.