ஔவைக்குப் பரிசில், சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம்

காவிரிக்கு அக்கரை கொடுமுடி. இக்கரை எங்கள் நாமக்கல் மாவட்டம். இந்தப் பக்கத்தில் கே.பி. சுந்தராம்பாள் பெயரை எடுத்தால் வயதானவர்கள் இரண்டைச் சொல்வார்கள்: கணீரென்ற குரல், வெள்ளைப் புடவை. குரல் பற்றிய பேச்சு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். புடவை பற்றியது கிட்டப்பாவில் தொடங்கி நெடுநேரம் ஓடும். எழுதப்பட்ட வாழ்க்கைக் கதைகளும் பெரும்பாலும் அப்படித்தான். அவருடைய தொழில் வரலாறு ஒரு காதல் கதையின் பின்னிணைப்பாகக் கிடக்கிறது. இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. இங்கிலாந்தின் அடெல் 2011இல் '21' தொகுப்பால் உலகப் புகழ் பெற்றபோது, அவரை விட்டுப்போன ஆண் யார் என்றுதான் பத்திரிகைகள் துருவிக்கொண்டிருந்தன.

சுந்தராம்பாள் பிறந்தது 1908இல். வறுமை. சிறுமியாக ரயிலில் பாடிக் காசு வாங்கியதாகச் சொல்வார்கள். பிறகு வேலு நாயர் நாடகக் குழு. 1926இல் இலங்கையில் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு மேடையேறியபோது, அங்கே ஏற்கெனவே பேரும் கூட்டமும் சேர்த்திருந்தவர் அவர். கிட்டப்பா உருவாக்கிய பாடகியல்ல. கிட்டப்பாவுக்கு முன்பே மனைவி இருந்தார்; இரண்டாவதாக வந்த இந்த உறவு இணைந்தும் பிரிந்தும் நடந்தது. அந்த நாட்களில் சுந்தராம்பாள் எழுதிய கடிதங்கள் அச்சில் வந்திருக்கின்றன. அவற்றில் உருக்கத்தை மட்டும் தேடுகிறவர்களுக்கு, அதே வரிகளில் கணக்குக் கேட்கும் பெண் தென்படுவதில்லை. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது 25 வயது.

1935இல் 'பக்த நந்தனார்' வந்தது. அதற்கு அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். சேலத்தில் டி.ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கிய அதே ஆண்டு; தமிழ் சினிமா பேசத் தொடங்கி நான்கே ஆண்டுகள். இந்த ஒரு லட்சத்துக்கும் ஒரு கதை வைத்திருக்கிறோம்: நடிக்க விருப்பமில்லாததால், தயாரிப்பாளர் ஓடிவிடட்டும் என்று வாய்க்கு வந்த தொகையைச் சொன்னாராம், அவர் ஒப்புக்கொண்டுவிட்டாராம். இருக்கலாம். ஆனால் ஸ்பெஷல் நாடகத்தில் ஒவ்வொரு நடிகரும் தனித்தனியே தொகை பேசித்தான் மேடையேறுவார்கள். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவருக்குத் தன் விலை தெரியாமலா இருந்திருக்கும்? ஆண் கேட்டால் கறார். பெண் கேட்டால் அது தற்செயலாக நடந்தது என்று ஆக்கிவிட வேண்டும்.

அவர் ஏற்ற வேடங்களை வரிசையாகப் பார்க்கிறேன். நந்தனார் ஆண், அடியார். 1940இல் மணிமேகலை, துறவி. 1953இல் ஜெமினியின் ஔவையார், கிழவி. 1964இல் 'பூம்புகார்' கவுந்தியடிகள், மறுபடியும் துறவி. ஒருவருக்கும் கணவன் கிடையாது. ஆணோடு ஜோடியாக நடிப்பதில்லை என்பது அவர் போட்ட நிபந்தனை. விதவைக்கு இந்தச் சமூகம் விட்டுவைத்த இடம் மிகக் குறுகியது. அதற்குள் நின்றே கதாநாயகன் துணையில்லாமல் படம் முழுக்கத் தானே நிற்கும் பாத்திரங்களை அவர் பெற்றுக்கொண்டார். 25 வயதில் தன் இளமையை மூடிவைக்க வேண்டியிருந்தது அதற்கான விலை. இதைத் தியாகம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

ஔவை வேடம்தான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. சேலத்துக்கு வடக்கே, தகடூரை ஆண்ட அதியமானின் அவைக்கு வந்த சங்க ஔவை, அவனோடு கள்ளருந்தியவள், அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவள், காமம் பாடியவள். பரிசில் தாமதமானபோது வாயில்காவலனிடம் சினந்து, தன் கலைக்கு எங்கே போனாலும் சோறு கிடைக்கும் என்று பாடியவளும் அவள்தான். நம் மொழியில் பாட்டெழுதிக் கூலி கேட்ட பெண்ணின் முதல் குரல்களில் ஒன்று. படத்தில் இவள் இல்லை. கல்யாணத்திலிருந்து தப்பிக்கப் பிள்ளையாரிடம் முதுமையை வாங்கிக்கொண்ட பிற்கால ஔவைதான் கோலூன்றி வருகிறாள். வகுப்பில் ஔவையின் புறப்பாட்டை நடத்தும்போது மாணவிகள் நினைவுக்கு வருவதும் அந்தத் திருநீற்று முகம்தான். கள் என்றதும் சிரிப்பு எழுகிறது. ஒரு லட்சம் பேசி வாங்கியவர், பரிசில் கேட்டுச் சண்டையிட்டவளாக நடித்திருந்தால் எப்படி இருந்திருக்கும்!

காங்கிரஸ் மேடைகளில் பாடினார். 1951இல் சென்னை மாநில மேலவை உறுப்பினரானார். இந்தியாவில் திரைத்துறையிலிருந்து சட்டமன்ற அவைக்குப் போன முதல் ஆள் அவர் என்பதை எம்.ஜி.ஆர். காலக் கதைகளுக்கு நடுவே யாரும் சொல்வதில்லை. 1970இல் பத்மஸ்ரீ. கொடுமுடியில் தன் பெயரிலேயே ஒரு சினிமா தியேட்டரும் கட்டினார். கே.பி.எஸ். தியேட்டர். கே என்றால் கொடுமுடி.