ஹாம்பர்க்கில் அடித்த கோல்

1974 உலகக் கோப்பையை மேற்கு ஜெர்மனி வென்றது நம் வயதுக்காரர்கள் பலருக்கு நினைவிருக்கும். அந்தத் தொடரில் அவர்கள் தோற்றது ஒரே ஒரு ஆட்டத்தில். தோற்கடித்தது கிழக்கு ஜெர்மனி. கோல் அடித்தவர் யூர்கன் ஸ்பார்வாசர் என்ற நடுக்கள ஆட்டக்காரர்.

1948-ல் பிறந்த அவர், கனரக இயந்திரங்கள் செய்யும் தொழில் நகரமான மக்டபுர்க்கின் கிளப்பில் ஆடினார். கிழக்கு ஜெர்மனியில் தொழில்முறை ஆட்டக்காரர் என்று யாரும் கிடையாது. ஏட்டில் அவர்கள் தொழிற்சாலை ஊழியர்கள். சுற்றுவட்டாரப் பையன்களைக் கொண்டே அமைந்த அந்த அணி, 1974 மே 8 அன்று ராட்டர்டாமில் பெரும் புகழ் பெற்ற மிலான் அணியை 2-0 என வென்றது. கிழக்கு ஜெர்மன் கிளப் ஒன்று ஐரோப்பியக் கோப்பை வென்றது அந்த ஒரு தடவைதான்.

ஆறு வாரம் கழித்து, ஜூன் 22 அன்று, ஹாம்பர்க்கில் இரண்டு ஜெர்மனிகளும் மோதின. அரசு பொறுக்கியெடுத்து அனுப்பிய சுமார் 1,500 பேர்தான் கிழக்கிலிருந்து பார்க்க வந்தவர்கள். 77-வது நிமிடம் தூரத்திலிருந்து வந்த பந்து ஸ்பார்வாசரின் முகத்தில் பட்டு முன்னே விழுந்தது. தடுக்க வந்தவர்களைத் தாண்டி, கோல்காப்பாளர் செப் மையரை ஏமாற்றி வலைக்குள் அடித்தார். 1-0. ஆட்டம் முடிந்ததும் எதிரணியின் பால் பிரைட்னரோடு யாரும் பார்க்காத இடத்தில் சட்டை மாற்றிக்கொண்டார். பலர் முன்னால் செய்தால் வம்பு.

அரசு அந்தக் கோலைத் தன் கொள்கைக்குக் கிடைத்த வெற்றியாகக் காட்டிக்கொண்டது. ஊழியன் செய்த வேலைக்கு மேலே இருப்பவர் பெயர் போட்டுக்கொள்வது உத்தியோகம் பார்த்த நமக்குப் புதிதல்ல. அவருக்கு வீடு, கார், பணம் எல்லாம் கிடைத்ததாக ஊரில் வதந்தி. அப்படி எதுவும் கிடைக்கவில்லை என்று அவர் சொல்லிப் பார்த்தார். நம்பியவர்கள் குறைவு. சொந்த நாட்டு மைதானங்களிலேயே கேலிச் சீழ்க்கை கேட்டது.

இடுப்புக் காயத்தால் 1979-ல் ஆட்டத்தை விட்டு, மக்டபுர்க் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். பழைய கிளப்புக்குப் பயிற்சியாளராகும்படி மேலிடம் வற்புறுத்தியது. அவர் மறுத்தார். அதன்பின் அவருடைய படிப்புக்கும் முன்னேற்றத்துக்கும் தடை வந்தது. 1988 ஜனவரியில் மூத்த ஆட்டக்காரர்களின் போட்டிக்காக மேற்கே சார்ப்ரூக்கன் நகரத்துக்குப் போனவர் திரும்பவில்லை. அரசு எந்தக் கால்களைக் கொண்டாடியதோ, அந்தக் கால்களே எல்லை தாண்டிவிட்டன. அடுத்த ஆண்டு நவம்பரில் பெர்லின் சுவரும் விழுந்தது.

நாடுகள் இணைந்தபின் மக்டபுர்க் கிளப் மூன்றாம், நான்காம் நிலைப் போட்டிகளுக்கு இறங்கியது. இரண்டாம் நிலைக்கு ஏற 2018 வரை ஆனது. இன்றும் ஸ்பார்வாசர் என்றால் எல்லோரும் ஹாம்பர்க்கைத்தான் சொல்கிறார்கள். ராட்டர்டாமையும் சேர்த்துச் சொன்னால்தான் அவருக்கு நியாயம் செய்ததாகும். அந்த வெற்றியில் கட்சிக்குப் பங்கில்லை. அது பதினொரு தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் உழைப்பு.