ஒரே கடை, ஒரு கடன் புத்தகம்: கெடா தோட்டங்களில் மளிகை

போன தவணை ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், மளிகைக் கடையெல்லாம் வரலாறா?" கெடா தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களைக் கேட்டால் ஆமாம் என்பார்கள்.

சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத்து ரப்பர் தோட்டங்கள் பட்டணத்தை விட்டு வெகுதூரம் உள்ளே இருந்தன. லயத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் பெரும்பாலும் ஒரே கடைதான். பல தோட்டங்களில் அதை நடத்தியவர் கங்காணி. ஊரிலிருந்து ஆள் அழைத்து வந்தவரும், வேலை வாங்கியவரும், வட்டிக்குப் பணம் கொடுத்தவரும் அவரே. அரிசி பருப்பையும் அவரிடமே வாங்க வேண்டும். விலை அதிகம் என்று யார் வாய் திறப்பார்கள்? விடிந்தால் பெரட்டுக்களத்தில் அவர் முன்னால்தானே நிற்கணும்!

இது நம் தோட்டங்களில் மட்டும் நடந்ததில்லை. இங்கிலாந்தில் கூலிக்குப் பதிலாகச் சரக்கு கொடுப்பதைத் தடுக்க 1831-லேயே சட்டம் வந்தது. அமெரிக்கச் சுரங்க ஊர்களில் கம்பெனிக் கடையில் மட்டுமே செல்லும் சீட்டைக் கூலியாகக் கொடுத்தார்கள். நம் பக்கம் கூலி காசாகவே வந்தது. ஆனால் சம்பள நாளன்று அது கை மாறி கடைக்காரரிடம் போய்விடும்.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலாயாவில் இந்தியத் தொழிலாளர்களின் அடிப்படைக் கூலியை அரிசி, பருப்பு, எண்ணெய், துணி ஆகியவற்றின் விலையைப் பார்த்துத்தான் நிர்ணயித்தார்கள். 1928-இல் முக்கியப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ரப்பர் விலை சரிந்ததும் 1930-இல் அது 40, 32 ஆனது. அதிகாரி விலைப்பட்டியல் போடுவது வேறு, லயத்துப் பெண் கடனில் கால் கட்டி மிளகாய் வாங்குவது வேறு. பெண்ணுக்குக் கூலி குறைவு, அடுப்புப் பொறுப்பு மட்டும் முழுசாக அவளுக்கு.

இன்னொரு வேடிக்கை. கெடா நாட்டின் நெற்களஞ்சியம். ஆனால் போருக்கு முன் தோட்டத்து உலையில் பெரும்பாலும் பர்மா அரிசிதான் கொதித்தது. ஜப்பானியர் காலத்தில் கப்பல் நின்றதும் மரவள்ளிக்கிழங்கே சோறானது. எங்கள் பாட்டி கடைசி வரை அந்தக் கிழங்கைத் தொடவே இல்லை.

போர் முடிந்ததும் பீடோங் அருகே ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. 1947-இன் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியல் போலீசாருடன் மோதலில் முடிந்தது. பாடநூல்கள் இதை மதுவிலக்கு என்று ஒரு வரியில் முடித்துவிடும். அரிசிக் கடனை அடைக்க வேண்டிய காசு கள்ளுக்கடைக்குப் போனதை வைத்துப் பார்த்தால் பெண்கள் ஏன் ஆதரித்தார்கள் என்பது புரியும்.

பிற்காலத்தில் சீனர் கடையும் 555 கணக்குப் புத்தகமும் வந்தன. மோட்டார் சைக்கிளில் மீன்காரர், ரொட்டிக்காரர் வந்தார்கள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, சுங்கைப் பட்டாணி ஓரத்துத் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. ஆள் குறைந்ததும் கடையும் மூடப்பட்டது. கடன் தொல்லை போனது, தூரம் வந்தது. பேரங்காடி பட்டணத்தில் இருக்கிறது. வண்டி இல்லாத கிழவி யாராவது போகும்போது சாமான் சொல்லி அனுப்புகிறாள்.

வாய்மொழி வரலாற்றுப் பணிக்கு ஒரு யோசனை: தாத்தா பாட்டியிடம், "கடைசியாகத் தோட்டத்துக் கடையில் எவ்வளவு பாக்கி வைத்திருந்தீங்க?" என்று கேட்கச் சொல்லுங்கள். என் வகுப்பில் ஒரு பையன் பழைய 555 புத்தகத்தையே கொண்டு வந்துவிட்டான். கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு அடிக்காத கணக்கு ஒன்று இருந்தது: சீனி, மண்ணெண்ணெய், பால்மாவு.